பியானோவின் முதுகு

நான்கு பேர் தூக்கி, ஐந்தாவது ஆள் கத்தி, ஒருவழியாகப் பியானோ வாசல் நிலையைத் தாண்டி வீட்டுக்குள் வந்தபோது, அதற்குச் சொந்தக்காரி செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தாள். வண்டியில் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஸ்டூலை இன்னும் கீழே இறக்கவில்லை. வட்டப் பலகை, நடுவில் ஒற்றைத் திருகு; ஒரு பக்கம் சுற்றினால் ஏறும், மறுபக்கம் சுற்றினால் இறங்கும். அதைக் கட்டிப்பிடித்தபடி, சொந்த வீட்டிலேயே ரயிலுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி நின்றாள்.

ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகிற இடைவழியில், தரையில் சாக்பீஸால் ஒரு நீள்சதுரம் போட்டிருந்தது. போட்டவர் அவளுடைய கணவர்.

"சார், எங்க எறக்கறது?" என்றார் கத்திக்கொண்டிருந்த மேஸ்திரி.

"கோட்டுக்குள்ள. கோடு அழியாம."

"வாசிக்கிறது யாரு சார்? பாப்பாவா?"

"என் வீட்டுக்காரம்மா."

மேஸ்திரி திரும்பி அவளைப் பார்த்தார். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு இந்த எடம் சரிதானுங்களா?" என்று கேட்டார்.

பத்து நாளாக அந்த வீட்டில் நடந்த அத்தனை பேச்சுவார்த்தையிலும் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனிதர் அவர்தான். அவள் வாயைத் திறந்தாள்.

"அளந்து வச்சாச்சு, எறக்குங்க" என்றார் கணவர்.

அவள் வாயை மூடினாள். பல்லோடு பல் இடித்த சத்தம் மேஸ்திரிக்குக் கேட்டிருக்க வேண்டும்; பாவம், அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கணவர் முப்பத்தைந்து வருஷம் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கிலியும் டேப்பும் அலுவலகத்தோடு போய்விட்டன. அளக்கிற புத்தி மட்டும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. ஜன்னல் திரை தரையிலிருந்து எத்தனை அங்குலம் மேலே தொங்குகிறது என்று அவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டு நாய் எந்த இடத்திலிருந்து குரைக்கிறது என்பதைப் படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டு அடிக்கணக்கில் சொல்வார். கல்யாணத்துக்கு முன் முதன்முதலாக இவளைப் பார்த்தபோது அவர் வாயிலிருந்து வந்த ஒரே சொல் "அஞ்சடி ஒண்ணரை" என்பதுதான். அப்புறம் அளந்து பார்த்தபோது கால் அங்குலம்கூடப் பிசகவில்லை என்பதில் அந்த மனிதருக்கு இன்றைக்கும் ஒரு பெருமை.

அவரும், அவருடைய அக்காவும், மகனும் சேர்ந்து பத்து நாள் மாநாடு நடத்தியிருந்தார்கள். ஜன்னலோரம் வைத்தால் வெயிலில் மரம் வெடிக்கும் என்றார் சர்வேயர். சமையலறைச் சுவரோரம் வைத்தால் ஆவியில் உப்பிவிடும். வெளிச்சுவரில் ஈரம். மகனுக்கு சோபா விற்கிற கடையில் வேலை. எதைப் பார்த்தாலும் அவனுக்கு லுக்தான். "சோபாவுக்கு எதிர்ல வச்சா லுக்கே போயிடும்ப்பா. மாடர்ன் செட்டுக்கு எதிர்ல இது என்ன, சவப்பெட்டி மாதிரி?" நாத்தனாருக்கு டிவி மறைக்கக் கூடாது, அவ்வளவுதான். "டிவியை மறைக்காம நீங்க எங்க வேணா வைங்க. மொட்டை மாடியில வைங்க. எனக்கென்ன?"

அவர்கள் பேசும்போதெல்லாம் அவள் அங்கேதான் இருந்தாள். காபி கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு தடவை, "நான் என்ன நினைக்கிறேன்னா…" என்று ஆரம்பிக்கவும் செய்தாள். "நீ கொஞ்சம் இரும்மா, ஸ்கேல் போட்டுட்டு இருக்கேன்" என்றார் சர்வேயர். இரண்டாம் தடவை ஆரம்பித்தபோது நாத்தனார் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். மூன்றாம் தடவை அவள் ஆரம்பிக்கவே இல்லை. தனக்குள் அடுப்பை மூட்டி, பாத்திரத்தை வைத்து, கொதிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஆனால் அதைப் புரிந்துகொள்ள அவள் முப்பத்தொன்பது வருஷம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரிய வேண்டும்.

சின்னப் பெண்ணாக இருந்தபோது தெருக்கோடியில் ஒரு கண் டாக்டர் இருந்தார். டாக்டரின் மனைவிதான் அவளுக்குப் பியானோ கற்றுக்கொடுத்தாள். வீட்டில் வேறு இடம் இல்லாததால் பியானோ நோயாளிகள் காத்திருக்கும் அறையில், சுவரோடு சுவராக ஒட்டி நின்றது. அதற்கு நேர்மேலே கண் பரிசோதனை அட்டை. எட்டு வருஷம் அந்த அட்டையைப் பார்த்தபடியே வாசித்தாள். முதுகுக்குப் பின்னால் யார் யாரோ வந்தார்கள், இருமினார்கள், 'நல்லா வாசிக்குது பொண்ணு' என்றார்கள். சொன்னவர் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. அட்டையின் கடைசி வரி இன்றைக்கும் மனப்பாடம்.

அதற்கப்புறம் பள்ளிக்கூடம். காலைப் பிரார்த்தனைக்கும், விளையாட்டு விழாவுக்கும், ஆண்டு விழாவுக்கும் பியானோ வாசிப்பது வேலை. பாடம் எதுவும் எடுத்ததில்லை. ஆனாலும் ஊர் முழுக்க அவள் 'பியானோ டீச்சர்'. பெரிய கூடத்தில், மேடைக்குக் கீழே இடது மூலையில், பியானோ சுவரைப் பார்த்து நின்றது. எழுநூறு பிள்ளைகள் அவள் முதுகுக்குப் பின்னால். அவள் மூக்குக்கு முன்னால் சுண்ணாம்புச் சுவர். அதில் ஓர் ஆணி. என்றைக்கோ யாரோ எதையோ மாட்டுவதற்காக அடித்து, மாட்டாமலே விட்டுப்போன ஆணி. நாலு தலைமையாசிரியைகள் வந்து போனார்கள், ஆணி போகவில்லை. ஆறு தடவை வெள்ளையடித்தார்கள். ஆணிக்கும் சேர்த்து அடித்தார்கள். முப்பத்தோரு வருஷம் அவள் பாட்டு வாசித்தது அந்த ஆணிக்குத்தான்.

பிள்ளைகளை அவளுக்குக் காதால் தெரியும். மூன்றாம் வரிசையில் ஒருத்தி மேல்ஸ்தாயியில் கண்ணாடி கீறுகிற மாதிரிப் பாடுவாள். கடைசி வரிசையில் ஒருத்தன் பாடாமலே வாயை அசைக்கிறான் என்பதைக்கூட அந்தப் பக்கத்தில் குறைகிற சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் தெருவில் யாராவது "வணக்கம் டீச்சர், நான் உங்க ஸ்கூல்தான்" என்று வந்து நின்றால், முழிப்பாள். ஒரு தடவை வங்கியில் ஆறடி உயரத்தில் ஒரு மேலாளர் எழுந்து நின்று கும்பிட்டார். "எங்க, பிரார்த்தனைப் பாட்டுல ரெண்டு வரி பாடுங்க" என்றாள். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார். இரண்டாவது வரியில், "அடடே, நீயா! இன்னும் சுருதி சேரலையே உனக்கு!" என்றாள்.

இதைக்கூட அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிக்காமல் சொல்கிற விஷயம் ஒன்று உண்டு. அது ஆண்டு விழாப் புகைப்படம்.

வருஷத்துக்கு ஒன்று, மொத்தம் முப்பத்தொன்று, பள்ளியின் நுழைவாயில் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கிறது. முப்பத்தொன்றிலும் அவள் இருக்கிறாள். மூலையில், ஒரு முதுகும் ஒரு கொண்டையுமாக. முதல் பத்துப் படத்தில் கருப்புக் கொண்டை. அடுத்த பத்தில் கருப்பும் வெள்ளையும். கடைசியில் வெள்ளைக் கொண்டை. ஓய்வு பெற்ற அன்று அந்தச் சுவரோரமாக நடந்து வந்தவள், கடைசிப் படத்துக்கு முன் நின்று, "இந்தக் கொண்டை யாரோடதுன்னு நாளைக்கு ஒருத்தருக்காவது தெரியுமா?" என்று காவல்காரரிடம் கேட்டாள். அவர், "எந்தக் கொண்டை டீச்சர்?" என்றார்.

பள்ளிக்கூடம் மின்சாரக் கீபோர்டு வாங்கிவிட்டது. ஆணிக்கு எதிரே நின்ற பழைய பியானோவை, ஒரு நீளமான பாராட்டுரையோடு, அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். பாராட்டுரையைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அவள் ஒரே ஒரு முடிவு எடுத்தாள். இனிமேல் நான் சுவரைப் பார்க்க மாட்டேன். என் வீட்டில், ஹாலின் நடுவில், பியானோவுக்கு அந்தப் பக்கம் மனுஷர்கள், இந்தப் பக்கம் நான். வாசித்தால் முகத்தைப் பார்த்து வாசிப்பேன்.

இப்போது மேஸ்திரியும் ஆட்களும் போன பிறகு, அவள் அந்த இடைவழியில் நின்று பார்த்தாள். பியானோ சாக்பீஸ் கோட்டுக்குள் அச்சுக் குத்தினாற்போல் உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே சுவர். சுவரில், சத்தியமாக, ஓர் ஆணி.

"எப்படி?" என்றார் சர்வேயர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. "வழி அஞ்சடி. பியானோ ரெண்டடி. எதிர்ல என் ரூம் கதவு வெளிப்பக்கமா ரெண்டே முக்கால் அடி தொறக்கும். கூட்டிப் பாரு. மூணு அங்குலம் மிச்சம்!"

அந்த அறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பதே ஒரு கதை. உள்ளே அத்தனையும் வரைபட அலமாரி. கதவு உள்ளே திறக்க இடம் இல்லாமல் போக, அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கீலைக் கழற்றித் திருப்பி மாட்டியிருந்தார். காலையில் ஒரு மணிநேரம், மாலையில் ஒரு மணிநேரம் உள்ளே உட்கார்ந்து, யாரும் கேட்காத நிலங்களுக்கு எல்லை திருத்திக்கொண்டிருப்பார்.

அவள் கையிலிருந்த ஸ்டூலைப் பார்த்தாள். பியானோவைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். மூன்று அங்குலத்தைப் பார்த்தாள். பத்து நாளாகக் கொதித்த பாத்திரத்தின் மூடி அப்போதுதான் தடதடவென்று ஆடியது. பியானோவை அளந்த மனிதர், கதவை அளந்த மனிதர், சுவரை மேலிருந்து கீழ்வரை அளந்த மனிதர், அதை வாசிக்க ஒருத்தி உட்கார வேண்டும் என்பதை அளக்கவே இல்லை. அவருடைய படத்தில் பியானோ தானாக வாசித்துக்கொள்ளும்.

 

"ரொம்ப அருமையான எடங்க" என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, சர்வேயர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அவள் இரண்டு நிமிஷம் பொறுத்து, ஸ்டூலைக் கொண்டுவந்து பியானோவுக்கு முன்னால் வைத்து, நன்றாக அழுந்தி உட்கார்ந்தாள். முதுகு கதவில் இடித்தது. மிகவும் வசதியாக இருந்தது. முப்பத்தோரு வருஷத்துப் பிரார்த்தனைப் பாட்டுகளை முதல் வருஷத்திலிருந்து வரிசையாக வாசிக்க ஆரம்பித்தாள்.

ஒன்பதாம் வருஷத்தில் கதவு முதுகைத் தட்டியது.

"என்னம்மா? கதவு வரமாட்டேங்குது."

"நான் உக்காந்திருக்கேங்க."

"கொஞ்சம் எழுந்திரு."

"பாட்டு முடியலை."

"எப்ப முடியும்?"

"இன்னும் இருபத்திரெண்டு வருஷம் இருக்கு."

கதவு ஒரு விரல் அகலம் திறந்து, அதில் ஒரு மூக்கு வந்தது. "விளையாடாதே. எனக்குப் பாத்ரூம் போகணும்."

"அளந்துதானே வச்சீங்க? மூணு அங்குலம் இருக்கே. போங்க."

இதற்குள் ஹால் பக்கமிருந்து நாத்தனார் வந்தாள். சமையலறைக்குப் போகவும் இதே வழிதான். "ஏம்மா, காபி போட்டுக்கணும், நகரு."

"நகர்ந்தா நான் சுவத்துக்குள்ளதான் போகணும் அண்ணி."

"என்ன அநியாயம் இது? காலையிலேர்ந்து ஒரு வாய் காபி இல்லாம…"

"அநியாயம்தான். பத்து நாளா அதைத்தான் நானும் நெனச்சுட்டு இருக்கேன். உக்காருங்க, டிவியை மறைக்கலையே?" என்றாள். கை பதின்மூன்றாம் வருஷத்துக்கு நகர்ந்தது. அதை வேண்டுமென்றே இரண்டு மடங்கு சத்தமாக வாசித்தாள். நாத்தனார் சத்தம் போட்டதில் மகனும் படுக்கையறையிலிருந்து எழுந்து வந்து, பியானோவின் ஹால் பக்கக் கோடியில், அத்தைக்குப் பின்னால், சமையலறைக்குப் போக முடியாமல் நின்றான்.

"அம்மா, ப்ளீஸ். என்ன வேணும்னு சொல்லிடும்மா."

கை நின்றது. 

"என்ன வேணும்னா? இன்னிக்காவது கேக்கணும்னு தோணுச்சே உனக்கு." அவள் திரும்பவில்லை, திரும்ப இடமும் இல்லை. ஆணியைப் பார்த்தே பேசினாள். "இது யார் பியானோ? வாசிக்கப்போறது யாரு? மரத்துக்கு வெயில் ஆகாது, ஈரம் ஆகாது, ஆவி ஆகாது. எனக்கு எது ஆகாதுன்னு உங்க மூணு பேர்ல ஒருத்தர் கேட்டீங்களா? தெருவுல போற மேஸ்திரி கேட்டாரு. அவருக்கும் என்னைப் பதில் சொல்ல விடலை. ஹால் நடுவுல திருப்பி வைங்க. எனக்கு முன்னாடி மனுஷங்க இருக்கணும்."

"ஹால் நடுவுலயா!" மகன் அலறினான். "அம்மா, பின்பக்கம் தெரியும்மா! வெறும் கட்டை, பலகை, ஒட்டடை. பியானோவோட முதுகை யாராவது காட்டுவாங்களா? வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

"முப்பத்தோரு வருஷமா ஊரு முழுக்க என் முதுகைத்தான் பார்த்துச்சு. யாரும் ஒண்ணும் நெனக்கலை. இனிமே அது முதுகைப் பாருங்க."

மூக்கு உள்ளே போனது. சற்று நேரம் காகிதம் சலசலத்தது. சர்வேயர் ஒரு காரியத்துக்கு இறங்கிவிட்டார் என்றால் பாத்ரூமைக்கூட மறந்துவிடுவார். பிறகு கதவுக்கு அடியில் ஒரு தாள் நீட்டிக்கொண்டு வந்தது. ஹாலின் வரைபடம். நடுவில் நீள்சதுரம். கீழே கையெழுத்து, தேதியோடு.

அவள் குனிந்து எடுத்துப் பார்த்தாள். "ஸ்டூல் எங்க?"

தாள் கதவுக்கு அடியில் திரும்பிப் போனது. மறுபடி வந்தபோது நீள்சதுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம்.

"இது ஸ்டூல். சரி. நான் எங்க?"

கதவுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு. தாள் போனது, வந்தது. வட்டத்தின் மேல் ஒரு சின்ன உருவம், தலையில் கொண்டையோடு. பக்கத்தில், பழக்க தோஷம், '5 அடி 1½' என்று எழுதியிருந்தது.

அவள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். சர்வேயர் நேராகப் பாத்ரூமுக்கு ஓடினார்.

அன்றைக்கு மத்தியானமே வேலை நடந்தது. அடியில் நாலு சக்கரம் இருந்தும் இரண்டுதான் உருண்டது. அப்பாவும் மகனும் தள்ளினார்கள். நாத்தனார் டிவியோடு தன் நாற்காலியையும் இழுத்துக்கொண்டு முனகியபடி மூலை மாறினாள். சோபா ஜன்னலோரம் போனது. ஹாலின் நடுவில், வாசலைப் பார்த்து, பியானோவின் முதுகு: மெழுகு கண்டிராத கட்டைகள், முப்பத்தோரு வருஷத்து ஒட்டடை, ஓரத்தில் ஏதோ ஒரு பையன் பென்சிலால் எழுதிய கணக்கு. தப்பான கணக்கு.

"எல்லாரும் சோபாவுல உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தார்கள். அவள் சுற்றி வந்து ஸ்டூலில் அமர்ந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

மரம்.

கழுத்தை நீட்டினாள். மரத்தின் மேல்விளிம்பு. அதற்கு மேலே எதிர்ச்சுவரின் உச்சியும், மின்விசிறியும். பியானோவுக்கு அந்தப் பக்கம் எழுநூறு பேர் இருந்திருந்தாலும் அது மறைத்திருக்கும் என்பது, வாழ்நாள் முழுக்க அதைச் சுவரோடு மட்டுமே பார்த்தவளுக்குத் தோன்றவே இல்லை. ஸ்டூலை மளமளவென்று சுற்றி உயர்த்தினாள். எட்டிப் பார்க்கலாம்தான், ஆனால் கால் பெடலுக்கு எட்டாமல் அந்தரத்தில் ஆடியது. திரும்ப இறக்கினாள். மரம்.

முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. யார் மேல் வெடிப்பது என்றுதான் தெரியவில்லை.

அந்தப் பக்கமிருந்து, பியானோவுக்குப் பின்னாலிருந்து, சர்வேயரின் குரல் மட்டும் வந்தது. "பியானோ நாலடி ரெண்டு அங்குலம். உக்காந்தா உன் கண்ணு மூணடி பத்தரை. மூணரை அங்குலம் ஒதைக்குது."

"தெரியுமா உங்களுக்கு?"

"படம் போடும்போதே தெரியும்."

"ஏங்க சொல்லலை?"

"நீ கேக்கலையே."

 மகன் சிரிப்பை அடக்குகிற சத்தம் மூக்கு வழியாக வந்தது. நாத்தனார், "அப்ப பழையபடி சுவத்தோரமே தள்ளிடலாமா?" என்று நல்ல மனசோடு கேட்டாள். அதுதான் தப்பாகப் போய்விட்டது.

"யாரும் எதையும் தள்ள வேணாம்" என்றாள். "எழுந்து நில்லுங்க."

"என்னது?"

"நில்லுங்கன்னேன். எழுநூறு புள்ளைங்க முப்பத்தோரு வருஷம் தெனமும் நின்னுதான் பாடுச்சுங்க. ஒண்ணுக்கும் கால் ஒடியலை. மூணு பேருக்கு என்ன வந்துச்சு?"

சோபாவின் ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாகக் கிரீச்சிட்டன. பியானோவின் விளிம்புக்கு மேல் முதலில் மகனின் தலை எழுந்தது. கழுத்துக்கு மேல் முழு முகமும் தெரிந்தது; நெற்றியில் ஒரு சுருக்கம், எப்போது வந்ததோ. அடுத்து சர்வேயர்: மீசை, கண்ணாடி, அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஆளின் கண். அவர் இடது புருவத்தில் நாலைந்து முடி நரைத்திருப்பதை அவள் இதுவரை பார்த்ததில்லை.

அவள் கையைக் கருப்பு வெள்ளைக் கட்டைகளின் மேல் வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

சர்வேயருக்குப் பக்கத்தில், விளிம்புக்கு மேலே, ஒரு கொண்டை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நாத்தனார் நாலடி ஒன்பது. நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"அண்ணிக்கு ஒரு முக்காலி எடுத்துப் போடுடா" என்றாள் மகனிடம். "முகம் தெரியலை."

"எனக்கெதுக்கும்மா? நான் இங்கயே நிக்கறேனே. கேக்குதே."

"கேக்கறது போதாது அண்ணி. ஏறுங்க."

முக்காலி வந்தது. தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டே நாத்தனார் ஏறினாள். கொண்டைக்குக் கீழே நெற்றி வந்தது, கண் வந்தது, கடுகடுவென்று ஒரு முழு முகம் வந்தது. அத்தனை கோபத்தையும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, அவள் முதல் வருஷத்திலிருந்து ஆரம்பித்தாள்.